காலரா, வாந்திபேதி, கக்கல்கழிச்சல்: எதை எங்கே எழுதுவது?

காலரா கிரேக்கத்தில் பிறந்த சொல். அம்மொழியில் ‘கோலே’ என்றால் பித்தநீர். பித்தம் மிகுந்து வாயாலும் வயிற்றாலும் வெளியேறுவதை அங்கே ‘கொலேரா’ என்றார்கள். கூரையிலிருந்து மழைநீரை இறக்கும் தூம்பின் பெயரோடு இச்சொல்லை இணைப்பவர்களும் உண்டு. நோயாளியின் நிலைக்கு அந்த உவமை அப்படியே பொருந்தும். ஆனாலும் பித்தநீரே வேர் என்பதுதான் பரவலான கருத்து. அதே வேரில் கிளைத்த இன்னொரு பொருள் சினம். ஸ்பானிய மொழியில் ‘கோலெரா’ ஆண்பாலில் வந்தால் நோய், பெண்பாலில் வந்தால் கோபம். ‘பித்தம் தலைக்கேறிவிட்டது’ என்று பேசும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

பொருந்தாமை எங்கே வந்தது என்றால், கிரேக்கர்கள் அப்பெயரிட்டது ஆங்காங்கே ஒருவர் இருவருக்கு வரும் வயிற்றுக் கோளாறுக்கு. 1817இல் வங்காளத்தின் ஜெசூர் வட்டாரத்தில் கிளம்பிக் கண்டம் விட்டுக் கண்டம் பரவிய நோய் வேறு. ஐரோப்பிய மருத்துவர்கள் அதற்கும் பழைய பெயரையே சூட்டி, வேறுபடுத்திக் காட்ட ‘ஆசியக் காலரா’ என்று முன்னொட்டு மட்டும் சேர்த்தார்கள். கடுமையான காலராவில் போவது அரிசி கழுவிய நீர் போன்ற வெளுத்த கழிவு. அதில் பித்தத்தின் மஞ்சள் தெரியவே தெரியாது. பித்தத்தின் நிறமற்ற நோய் பித்தத்தின் பெயரைச் சுமக்கிறது. ஆகவே வேர்ச்சொல்லைப் பார்த்து ‘பித்தநோய்’ என்று மொழிபெயர்த்தால் முற்றிலும் தவறு.

இந்த நோயின் பெயர் திரிந்தது இது முதல் முறையும் அல்ல. கோவாவில் வழங்கிய கொங்கணி-மராத்திச் சொல்லைப் போர்த்துக்கீசியர் ‘மோர்தெஷிம்’ என்று ஆக்கினார்கள். பிரெஞ்சுக்காரர் அதைத் தங்கள் மொழியில் ‘மோர் த ஷியேன்’ என்று கேட்டார்கள்; நாய்ச்சாவு என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. நாய்க்கும் இந்த நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நோயை உண்டாக்குவது விப்ரியோ காலரே என்ற நுண்ணுயிரி. ‘விப்ரியோ’ என்பது அதிர்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. நுண்ணோக்கியில் அது துடித்துத் துடித்து ஓடும். 1854இல் பிளாரன்சில் இத்தாலிய மருத்துவர் பாச்சினி அதைப் பார்த்து எழுதினார், யாரும் பொருட்படுத்தவில்லை. 1884இல் கல்கத்தாவில் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அதைத் தனியே வளர்த்தெடுத்தார். காற்புள்ளி போல் வளைந்திருக்கிறது என்று விவரித்தார். அது குடலைத் துளைத்துச் சேதப்படுத்துகிறதா, நஞ்சு சுரக்கிறதா என்ற கேள்விக்கு 1959இல் கல்கத்தாவின் மருத்துவ ஆய்வாளர் சம்புநாத் தே விடை தந்தார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் கட்டி, நுண்ணுயிரி நீக்கிய வளர்ப்புத் திரவத்தை மட்டும் உள்ளே செலுத்தினார். அந்தத் துண்டு நீர் கோத்து வீங்கியது. கிருமி இல்லாமலே நீர் வந்ததால், வேலை செய்தது நஞ்சுதான் என்று உறுதியாயிற்று. அந்த நஞ்சு குடற்சுவரின் செல்களிலிருந்து உப்பின் ஒரு கூறான குளோரைடை வெளியே தள்ள வைக்கிறது. உப்பின் பின்னால் நீரும் போகிறது. முற்றிய நிலையில் மணிக்கு 1 லிட்டர் வரை இழப்பு ஏற்படலாம். இதை நீரிழப்பு நோயாகப் பார்ப்பதுதான் சரி. பெயரும் நீரைச் சுட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனித் தமிழ்ச் சொற்கள். ‘வாந்திபேதி’ மக்கள் நாவில் நன்றாக ஊறிய சொல், ஆனால் இரு பாதியும் வடமொழி. ‘பேதி’க்கு இன்னொரு வேலையும் உண்டு: ‘பேதிக்குக் கொடுத்தார்கள்’ என்றால் வயிற்றைச் சுத்தம் செய்ய மருந்து கொடுத்தார்கள் என்று பொருள். ‘விசூசிகை’ ஆயுர்வேதத்தில் வருவது. ‘சூசி’ என்றால் ஊசி, உடம்பெங்கும் ஊசியால் குத்தும் வலியைச் சொல்கிறது. ‘கொள்ளைநோய்’, ‘ஊழிநோய்’ இரண்டும் கூட்டங்கூட்டமாக ஆள்விழும் எந்த நோய்க்கும் பொது. ‘கக்கல்கழிச்சல்’ வேரும் தமிழ், சொல்லும் கச்சிதம். ‘கழிச்சலில் போவான்’, ‘பேதியில் போவான்’ என்ற வசவுகளில் இந்த நோய் மூட்டிய அச்சம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘வெள்ளை’ என்ற அடைமொழியை மட்டும் சேர்க்கக் கூடாது: வெள்ளைக்கழிச்சல் கோழிகளைத் தாக்கும் ராணிக்கெட் நோயின் பெயர்.

இவற்றில் எது சரியான இணை என்று கேட்டால், ஒரே விடை சொல்வது ஆய்வுக்கு உதவாது. வாந்திபேதி, கக்கல்கழிச்சல் இரண்டும் அறிகுறியின் பெயர்கள். கெட்ட உணவாலும் வரும், வைரசாலும் வரும், காலராவாலும் வரும். காலரா என்பது காரணத்தின் பெயர்: ஆய்வகத்தில் விப்ரியோ காலரே, அதிலும் ஓ1 அல்லது ஓ139 வகை, உறுதிப்பட்டிருக்க வேண்டும். (ஓ139 முதலில் தென்பட்டது 1992இல், சென்னையில்.) ‘ஊரில் 40 பேருக்கு வாந்திபேதி’ என்ற செய்தி சோதனை முடிவுக்கு முன்னரே ‘40 பேருக்குக் காலரா’ என்று மாறுவதும், காலரா பற்றிய கட்டுரை மொழிபெயர்ப்பில் பொதுவான வாந்திபேதிக் கட்டுரையாகக் கரைவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். அறிகுறிக்குக் கக்கல்கழிச்சல், உறுதிப்பட்ட நோய்க்குக் காலரா என்று எழுதினால் குழப்பம் தீரும். காலராவைத் தமிழாக்கியே ஆக வேண்டுமென்றால் ‘காலராக் கழிச்சல்’ போதும். சில நோயாளிகளுக்கு வாந்தியே இருப்பதில்லை என்பதால் ‘கக்கல்’ இல்லாமல் எழுதுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

‘தீவிர’ என்ற சொல் இன்னொரு கண்ணி. திடீரெனத் தொடங்கிச் சில நாளில் முடியும் நோயையும் ‘தீவிர’ என்கிறோம், உயிருக்கு ஆபத்தாக முற்றியதையும் ‘தீவிர’ என்கிறோம். 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராக, இரத்தமில்லாமல் போனால் அது திடீர் நீர்க்கழிச்சல். கண் குழிந்து, நாடி தளர்ந்து, தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே திரும்பினால் அது கடும் நீரிழப்பு. முதலாமவருக்கு வாய்வழிக் கரைசலே பெரும்பாலும் போதும். இரண்டாமவருக்கு உடனே இரத்தக்குழாய் (சிரை) வழியாகத் திரவம் ஏற வேண்டும், பெரியவர் என்றால் கிலோவுக்கு 30 மி.லி. முதல் அரைமணியிலும், 70 மி.லி. அடுத்த இரண்டரை மணியிலும். இருவரையும் ஒரே ‘தீவிர’ என்ற சொல்லால் குறித்தால் சிகிச்சையே மாறிப்போகும்.

உப்புச் சர்க்கரைக் கரைசலின் மொழிபெயர்ப்பிலும் இதே கவனம் தேவை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காதபோது 1 லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வெறும் ‘கரண்டி’ என்று எழுதிவிட்டால் வாசிப்பவர் மேசைக்கரண்டியை எடுப்பார், உப்பு மூன்று மடங்காகிவிடும். அந்த அளவு உப்பு குழந்தையின் உயிருக்கே உலை வைக்கும். குவித்து அள்ளினாலும் அளவு கூடும். அதனால் ‘தலைதட்டிய தேக்கரண்டி’ என்று முழுதாக எழுத வேண்டும்.