மூன்று மணி நேரம் ஓடும் ட்ரையர்

வேலைக்காக அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு மாறிப் போயிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாடகை வீட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு ட்ரையர் இருக்கிறது. அதிலிருந்து வெளியே காற்றுக் குழாய் எதுவும் போகவில்லை. துணியை எடுத்தால் கையைச் சுடுவதும் இல்லை. முன்பிருந்த வீட்டில் முக்கால் மணி நேரத்தில் காய்ந்த துணிக்கு இங்கே மூன்று மணி நேரம் ஆகிறது. முடிந்ததும் பார்த்தால் மெஷினுக்குள் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர்! இது பழுதா? கரண்ட் பில் எங்கே போய் நிற்கும்?"

பழுதில்லை. மின்சாரமும் முன்பைவிடக் குறைவாகத்தான் செலவாகும். அவர் வீட்டில் இருப்பது ஹீட் பம்ப் ட்ரையர். வீட்டில் புழங்கும் இயந்திரங்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஏன் என்று சொல்வதற்குமுன் வாஷிங் மெஷினை ஒரு எட்டு பார்த்துவிடலாம்.

ஐரோப்பிய வாஷிங் மெஷின்கள் பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீரை மட்டும் குழாயிலிருந்து எடுத்து, உள்ளே இருக்கும் ஹீட்டரால் தாங்களே சூடாக்கிக்கொள்கின்றன. அமெரிக்க மெஷின்களுக்கு வெந்நீர், தண்ணீர் என்று இரண்டு குழாய்கள் வரும். ஐரோப்பாவில் சலவை நேரம் கூடுவதற்கு, தண்ணீரை மெஷினே சூடாக்குவது ஒரு காரணம். துவைத்து முடித்த பிறகும் கதவு ஓரிரு நிமிடம் திறக்காமல் அடம்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல மெஷின்களின் பூட்டுக்குள் சிறிய ஹீட்டர் ஒன்றும், சூடானால் வளைகிற ஈருலோகப் பட்டை ஒன்றும் இருக்கும். மின்சாரம் நின்ற பிறகு அந்தப் பட்டை ஆறி நேரானால்தான் 'டிக்' என்று பூட்டு விடும். கதவை இழுத்துச் சண்டை போடாதீர்கள், பிடிதான் உடையும்.

வாஷிங் மெஷினில் நமக்கு முக்கியமானது கடைசியில் வரும் பிழிதல். நிமிடத்துக்கு 1400 சுற்று. டிரம்மின் ஆரம் கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டு பள்ளிச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். விளிம்பில் ஒட்டியிருக்கும் துணியின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல 500 மடங்கைத் தாண்டும். அப்படியும் 8 கிலோ பருத்தித் துணியில் ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் தங்கிவிடும். இழைகளுக்குள் புகுந்துகொண்ட அந்தத் தண்ணீரை இனி எந்தச் சுழற்சியும் பிடுங்க முடியாது. ஆவியாக்கித்தான் வெளியேற்ற வேண்டும்.

செலவு இங்கேதான் எகிறுகிறது. ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 335 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவைத் துணியிலிருந்து ஆவியாக்க சுமார் 2400 கிலோஜூல் வேண்டும். ஏழு மடங்கு! இந்த ஆற்றல் வெப்பநிலையை ஏற்றுவதில் போவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பிடியை விடுவிப்பதில் போகிறது. வெப்பமானியில் தெரியாமல் ஆவிக்குள் ஒளிந்துகொள்வதால் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதை அளந்து காட்டினார்.

இப்போது கணக்குப் போடுவோம். 4 கிலோ தண்ணீர், கிலோவுக்கு 2400. மொத்தம் 9600 கிலோஜூல். மின்சார மீட்டரின் கணக்கில் சுமார் 2.7 யூனிட். எப்படிப்பட்ட ட்ரையராக இருந்தாலும் இந்த ஆற்றலைத் துணிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு நல்ல ஹீட் பம்ப் ட்ரையர் இதே 8 கிலோ துணியைக் காயவைக்க ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வரைதான் மின்சாரம் எடுக்கிறது. தேவைப்படும் ஆற்றலைவிடக் குறைவு! ஆற்றல் அழிவின்மை விதி பொய்த்துவிட்டதா என்ன?

விதி அப்படியே இருக்கிறது. மீதி ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, பழைய ட்ரையர்கள் அதை எங்கே தொலைத்தன என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்க வீடுகளில் இருப்பது பெரும்பாலும் காற்றை வெளியே தள்ளும் வகை. அறைக் காற்றை உறிஞ்சி, ஏறக்குறைய 5 கிலோவாட் ஹீட்டரால் சூடாக்கி, துணிக்குள் செலுத்தி, ஈரத்தோடு சேர்த்துச் சுவரிலுள்ள துளைவழியே வெளியே ஊதிவிடும். வேகமாகக் காயும். ஆனால் ஆவிக்குள் ஒளிந்திருக்கும் அவ்வளவு வெப்பமும் தெருவுக்குப் போகிறது. அடுத்த வகை, ஹீட்டர் வைத்த பழைய கண்டென்சர் ட்ரையர். இது அறைக் காற்றைக்கொண்டு ஈரக் காற்றைக் குளிர்வித்துத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கும். அந்த வெப்பம் அறைக்குள் கொட்டும். குளிர்காலத்தில் அறை கதகதப்பாக இருக்கும், பில் குறையாது. துவைப்பதும் காயவைப்பதும் ஒரே டிரம்மில் நடக்கும் இரண்டு-இன்-ஒன்று மெஷின்களில் பலவும் குழாய்த் தண்ணீரைச் சொட்டவிட்டு ஈரத்தைக் குளிர்விப்பவை. காயும்போதும் தண்ணீர் செலவாகும், வெப்பம் சாக்கடைக்குப் போகும். துவைக்கும் அளவு முழுவதையும் ஒரே தடவையில் அதில் பெரும்பாலும் காயவைக்கவும் முடியாது.

ஹீட் பம்ப் ட்ரையர் அந்த வெப்பத்தை எங்கேயும் விடுவதில்லை. உள்ளே இருப்பது மூடிய சுற்று. அதே கொஞ்சம் காற்று திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. கூடவே போய் அதன் வழியைப் பார்ப்போம்.

50 டிகிரியை ஒட்டிய உலர்ந்த காற்று டிரம்முக்குள் நுழைகிறது. துணியில் இருக்கும் தண்ணீர் இந்தக் காற்றிடமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு ஆவியாகிறது. கொடுத்த காற்று குளிர்ந்து, ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது; 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வழியில் துணிப்பஞ்சைப் பிடிக்கும் வடிகட்டி. அடுத்ததாக, மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கிய ஒரு குளிர்ந்த குழாய்ச் சுருள்.

இந்தச் சுருளின் அருகில் கொஞ்சம் நிற்க வேண்டும். 40 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 51 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான். காற்றில் ஈரம் முழுவதுமாக நிறைந்திருந்தால், மிச்சம் 34 கிராம் சுருளின்மேல் முத்து முத்தாகத் துளிர்த்து, வழிந்து, கீழே சொட்டுகிறது. வாசகி பார்த்த தொட்டித் தண்ணீர் இதுதான். அதைத் தொட்டிக்கு ஏற்ற அடியில் சின்ன பம்ப் ஒன்று இருக்கிறது.

ஆவி தண்ணீராகும்போது, துணியில் வாங்கிய உள்ளுறை வெப்பத்தை முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதை வாங்கிக்கொள்ளத்தான் குழாயின் உள்பக்கம் ஆள் தயாராக இருக்கிறது: குறைந்த அழுத்தத்தில், குளிர்ந்த திரவமாக இருக்கும் குளிரூட்டிப் பொருள். புதிய மெஷின்களில் இது பெரும்பாலும் புரொப்பேன். வெப்பம் வந்ததும் அது கொதிக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உலோகச் சுவர். அதன் வெளிப்பக்கம் ஆவி திரவமாகிறது, உள்பக்கம் திரவம் ஆவியாகிறது. ஒன்று விட்ட உள்ளுறை வெப்பத்தை இன்னொன்று தன் உள்ளுறை வெப்பமாக எடுத்துக்கொள்கிறது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இந்த இடம் அலுப்பதில்லை.

அப்புறம் கம்ப்ரஸரின் வேலை. குளிர்ந்த புரொப்பேன் ஆவியை அது அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுமே, அதுபோல அழுத்தப்பட்ட ஆவியும் சூடேறுகிறது. இப்போது அதன் வெப்பநிலை ட்ரையர் காற்றைவிட அதிகம். இந்தச் சூடான ஆவி இரண்டாவது குழாய்ச் சுருளுக்குள் போகிறது. அந்தப் பக்கம் வருவது யார்? சற்றுமுன் முதல் சுருளில் ஈரத்தைக் கொட்டிவிட்டுக் குளிர்ந்து உலர்ந்துபோன அதே காற்று. புரொப்பேன் தன் வெப்பத்தை அதற்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. காற்று மறுபடியும் சூடேறி டிரம்முக்குள் போகிறது. திரவமான புரொப்பேன் ஒரு குறுகிய குழாய்வழியே அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, முதல் சுருளுக்குத் திரும்புகிறது.

ஆக, ஒரு துணியைக் காயவைத்த வெப்பமே சுற்றி வந்து அடுத்த துணியைக் காயவைக்கிறது. மின்சாரத்தின் முக்கிய வேலை வெப்பத்தைக் குளிர்ந்த சுருளிலிருந்து சூடான சுருளுக்கு ஏற்றிவிடுவதுதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் வெப்பம்கூட ஏறும். 9600 கிலோஜூல் வேண்டும் என்ற கணக்கு சரியே. அதில் பெரும்பங்கை மெஷின் தானே திருப்பி வாங்கிக்கொள்கிறது. நாம் கொடுக்கிற ஒன்றரை, இரண்டு யூனிட்டும் கடைசியில் மெஷினின் உடல்வழியே மெதுவாக அறைக்குள் கசியும். அதனால்தான் அறை லேசாகச் சூடாகிறது.

கன மீட்டருக்கு 34 கிராம் என்றால் 4 லிட்டர் தண்ணீரை இறக்க எவ்வளவு காற்று வேண்டும்? குறைந்தது 120 கன மீட்டர். ஏறக்குறைய நான்கு அறைகளில் அடங்கும் காற்று. மெஷினுக்குள் இருப்பதோ சில நூறு லிட்டர்தான். நூற்றுக்கணக்கான சுற்றுகள் சுற்றித்தான் வேலையை முடிக்க வேண்டும். கம்ப்ரஸரும் சிறியது, 5 கிலோவாட் ஹீட்டர்போல வெப்பத்தை அள்ளிக் கொட்ட அதனால் முடியாது. மூன்று மணி நேரம் ஆவதன் காரணம் இதுதான். சராசரியாக 600 வாட்டில் மூன்று மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். 5 கிலோவாட்டில் முக்கால் மணி நேரம் ஓடினால் 3.75 யூனிட். நேரத்தை மட்டும் பார்த்து பில்லைக் கணிப்பது பலர் செய்யும் தவறு.

குளிர்ப்பெட்டிக்குள்ளும் ஏசிக்குள்ளும் இருப்பது இதே சுற்றுதான். ட்ரையரின் தனிச்சிறப்பு, சூடான பக்கம், குளிர்ந்த பக்கம் இரண்டுமே இங்கே பயன்படுகின்றன. ஏசி சூட்டை வெளியே எறிகிறது. ட்ரையருக்கு இரண்டும் வேண்டும்.

இந்த யோசனை புதியதும் இல்லை. 1852இல் கெல்வின் பிரபு வெப்பத்தை இப்படி ஏற்றிப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். அதே பத்தாண்டில் ஆஸ்திரியாவின் எபன்சே உப்பாலையில் பீட்டர் ரிட்டிங்கர் உப்புநீரிலிருந்து எழும் நீராவியை அழுத்திச் சூடேற்றி, அதே உப்புநீரைக் கொதிக்கவைக்கத் திருப்பி அனுப்பிப் பார்த்தார். ஈரத்தை ஆவியாக்கி, அந்த ஆவியின் வெப்பத்தைத் திரும்பப் பிடிப்பது. நம் ட்ரையர் செய்வதும் அதுவே. 1938இல் சூரிச் நகர மன்றக் கட்டடத்தை லிம்மாட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுத்துச் சூடாக்கினார்கள். ஆனாலும் வீட்டு ட்ரையராக நம் கைக்கு வர நூறாண்டுக்குமேல் ஆகிவிட்டது. நம்பகமான சிறிய கம்ப்ரஸர், ஓசோனைக் கெடுக்காத குளிரூட்டி, பஞ்சு அடைக்காத சுருள் என்று ஒவ்வொன்றாகச் செதுக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட பொறுமையான பொறியியல் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் 'இதில் புதுமை என்ன?' என்ற கேள்வி வருகிறது. கோடிக்கணக்கான வீடுகளில் தினமும் ஓடும் மெஷினில் பாதி மின்சாரத்தை மிச்சப்படுத்துவதைவிட உருப்படியான புதுமை எனக்குத் தெரியவில்லை. சுவிட்சர்லாந்து 2012 முதல் ஹீட் பம்ப் தரத்துக்குக் குறைந்த ட்ரையர்களை விற்க விடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2025 ஜூலை முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் ட்ரையர்களுக்கு அதே நிலைதான். நல்ல சட்டம் என்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவர் பிளக்கில் செருகினால் மின்கட்டணம் பாதியாகும் என்று இணையத்தில் ஒரு சின்னப் பெட்டியை விற்கிறார்கள். உள்ளே பெரும்பாலும் ஒரு மின்தேக்கியும் ஒரு விளக்கும்தான் இருக்கும். வீட்டு மீட்டர் அளக்கும் மின்சாரத்தை அது குறைக்காது. இப்போதுதான் குடியேறி, பில்லைப் பார்த்துப் பயந்திருப்பவர்கள்தான் அதை வாங்கி ஏமாறுகிறார்கள். உண்மையான மிச்சம் எப்படி வருகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் அந்தப் பெட்டியை வாங்கத் தோன்றாது.

சரி, மெஷினை எப்படி ஓட்டுவது? துவைக்கும்போதே துணி தாங்கும் அதிகபட்ச வேகத்தில் பிழியுங்கள். சுழற்றி வெளியேற்றும் தண்ணீருக்கு ஆகும் மின்சாரம், ஆவியாக்கி வெளியேற்ற ஆவதில் ஒரு சிறு துளிதான். வடிகட்டியில் படியும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுங்கள். பஞ்சு அடைத்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் சுருள்களுக்கு இடையே வெப்பம் கைமாறுவதும் தடுமாறும், மூன்று மணி நேரம் நான்காகும்.

டிரம்மின் வாய்க்கு உள்பக்கம் இரண்டு உலோகப் பட்டைகள் பளபளப்பதைப் பார்த்திருக்கலாம். ஈரத்துணி இரண்டையும் சேர்த்து உரசும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். துணி காயக் காய அது குறையும். ட்ரையர் ஈரத்தைத் தெரிந்துகொள்வது இப்படித்தான். ஒற்றைத் துண்டைப் போட்டால் பட்டைகளில் சரியாக உரசாது. காய்ந்துவிட்டது என்று எண்ணி மெஷின் சீக்கிரமே நின்றுவிடும். துணி மென்மையாக்கும் திரவத்தின் படலம் பட்டைகளில் படிந்தாலும் இதே தொல்லைதான். அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்ணீரில் உப்புகள் எவ்வளவு இருக்கின்றனவோ அதைப் பொறுத்தும் மின்கடத்தல் மாறும். அதற்கேற்ப அளவைத் திருத்திக்கொள்ள சில மெஷின்களின் மெனுவில் வசதி உண்டு.

கடைசியாக, மெஷினை வைக்கும் இடம். வாசகி அடுத்த வீட்டில் இதைச் சூடேற்றாத நிலவறையில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தார். கடுங்குளிரில் வேண்டாம். சுற்றுப்புறம் குளிர்ந்தால் மெஷினின் உடல்வழியே வெப்பம் அதிகம் கசியும், கம்ப்ரஸர் சூடேறத் தடுமாறும், நேரம் இன்னும் நீளும். உறையும் குளிர் என்றால் பம்ப்பில் நிற்கும் தண்ணீரும் உறைந்துவிடலாம். புது வீட்டுக்குக் கொண்டுபோகும்போது மெஷினைச் சாய்க்க நேர்ந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்து ஓட்டுங்கள். கம்ப்ரஸரிலிருந்து குழாய்களுக்குப் போன எண்ணெய் திரும்பி வர அவ்வளவு நேரம் வேண்டும்.