வளர்ச்சிக் காரணி: சொல் விளக்கம்

'குரோத் ஃபேக்டர்' என்பதற்கு இணையாக நாம் எழுதும் சொல் வளர்ச்சிக் காரணி. ஒரு செல் வெளியே சுரக்கும் புரதம் இது. இன்னொரு செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியோடு பிணைந்து, அந்தச் செல் பிரியவோ, நகரவோ, குறிப்பிட்ட ஒரு திசுவாக மாறவோ தூண்டும். வளர்ச்சி என்பது இதன் பல வேலைகளில் ஒன்று. தொடக்க நிலைத் தவளைக் கருவில் அந்த ஒரு வேலைதான் நடப்பதே இல்லை.

ஃபேக்டர் லத்தீன் வழி வந்த சொல். அதன் வேர் 'செய்தல்' என்று பொருள்படும். காரணம் என்ற வடசொல்லின் வேருக்கும் அதே பொருள்தான். ஆகவே காரணி இங்கே நன்றாகவே பொருந்துகிறது. கணக்குப் பாடத்தில் காரணி என்பது மீதியின்றி வகுக்கும் எண். உயிரியலில் ஒன்றைச் செய்விப்பது.

நுண்ணுயிரியலில் இந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. பாக்டீரியா தானே தயாரித்துக்கொள்ள முடியாமல் வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தாக வேண்டிய வைட்டமின், அமினோ அமிலம் போன்றவையும் வளர்ச்சிக் காரணிகளே. சுரக்கும் புரதம் என்ற பொருள் 1950களில் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்பு வளர்ச்சிக் காரணியை ஆராய்ந்தபோது நிலைபெற்றது. இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின் பல காரணிகள் முதன்முதலில் எந்தச் சோதனையில் அகப்பட்டனவோ அந்தப் பெயரையே பெற்றன. ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் நார்முன்செல்களைப் பிரியத் தூண்டியது எஃப்ஜிஎஃப் (ஃபைப்ரோபிளாஸ்ட் குரோத் ஃபேக்டர்). எலும்புத் தூளிலிருந்து கிடைத்து, தசைக்குள் வைத்தால் அங்கே எலும்பு உண்டாக்கியது பிஎம்பி (போன் மார்ஃபோஜெனடிக் புரோட்டீன், எலும்பை உருவாக்கும் புரதம்). எலும்பே இல்லாத இளம் தவளைக் கருவில் இதே பிஎம்பி வயிற்றுப் பக்கத்தையும் மேல்தோலையும் தீர்மானிக்கிறது. பெயரை வைத்து வேலையை ஊகிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஆப்பிரிக்க நகத் தவளையான செனோபஸ் லேவிஸின் முட்டை சுமார் 1.2 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. 23 டிகிரி செல்சியஸில் முதல் பிளவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அடுத்தடுத்த பிளவுகள் அரை மணிக்கு ஒன்று. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான செல்கள் வந்துவிடும். கருவின் பருமன் மட்டும் கூடாது. முட்டைக்குள் இருந்த பொருளே பங்கிடப்படுகிறது. எஃப்ஜிஎஃப் புரதம் இந்தக் கருவில் நடு அடுக்கை, அதாவது தசையும் இரத்தமும் போன்றவை உருவாகும் செல் அடுக்கை, தோற்றுவிக்க வல்லது என்பது 1987இல் தெரியவந்தது.

அதற்கான சோதனை விலங்கு முனைத் தொப்பிச் சோதனை. கரு உட்குழிவுள்ள செல் பந்தாக இருக்கும் பிளாஸ்டுலா கட்டத்தில், அதாவது தவளைக் கரு வளர்ச்சி அட்டவணையின் 8 அல்லது 9ஆம் நிலையில், விலங்கு முனை எனப்படும் கருமை படிந்த மேல்முனையிலிருந்து ஒரு சிறு துண்டை நுண்சாமணத்தால் வெட்டி உப்புக் கரைசலில் இடுவார்கள். எதுவும் சேர்க்காவிட்டால் அது உருண்டையாகவே இருந்து மேல்தோலாகும். ஆக்டிவின் என்ற காரணியைச் சேர்த்தால் நீண்டு தசையும் முதுகுநாணும் உண்டாகும். எஃப்ஜிஎஃப் சேர்த்தால் பெரும்பாலும் வயிற்றுப் பக்க நடு அடுக்கு. துண்டைப் பெரிதாக வெட்டினால் கருவின் நடுப்பட்டைச் செல்களும் உடன் வந்துவிடும். காரணி சேர்க்காமலே தசை தோன்றி முடிவு பாழாகும். வெட்டிய சில நிமிடங்களில் ஓரங்கள் சுருளத் தொடங்கும். வெளிப்புறச் செல்கள் புரதத்தை உள்ளே விடாது என்பதால் உட்புறம் திறந்திருக்கும்போதே காரணியைச் சேர்த்துவிட வேண்டும். புரதம் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிக் குறையாமலிருக்க 0.1 சதவீத மாட்டுச் சீர அல்புமின் கலப்பது வழக்கம்.

இனி, காரணிகள் செல்லுக்குத் தரும் சமிக்ஞையை நெறிப்படுத்தும் மரபணுக்கள். சுற்றியுள்ள செல்களின் போக்கை வகுக்கும் முதுகுப் பக்கத்து அமைப்பாக்கிப் பகுதி சுரக்கும் நாகின், கார்டின், ஃபாலிஸ்டாடின் ஆகியவை செல்லுக்கு வெளியே பிஎம்பியைப் பிணைத்து, ஏற்பியை அடையவிடாமல் செய்கின்றன. அப்படி பிஎம்பி எட்டாத புற அடுக்கு நரம்புத் திசுவாகிறது. நாகின் 1992இல் கண்டறியப்பட்ட விதம் அழகானது. கருவுற்ற முட்டையின் அடிமுனையில் புற ஊதாக் கதிர் பாய்ச்சினால் முதுகும் தலையும் இல்லாத வெறும் வயிற்றுத் துண்டாகக் கரு நின்றுவிடும். அத்தகைய கருக்களில் ஆர்என்ஏ கலவைகளைச் செலுத்தி, எது முதுகைத் திருப்பித் தருகிறது என்று சலித்துச் சலித்தே அதைப் பிடித்தார்கள். நாகின் அளவு மிஞ்சினால் தலை மட்டும் பருத்து உடல் குன்றும். தலையைக் குறிக்கும் ஆங்கிலப் பேச்சுவழக்குச் சொல்லே பெயராயிற்று.

நெறிப்படுத்தல் என்றால் தடுத்தல் மட்டும் என்று கொள்ளக் கூடாது. சோலாய்டு என்ற நொதி கார்டினை வெட்டி, அது பிடித்து வைத்த பிஎம்பியை விடுவிக்கிறது. எஃப்ஜிஎஃப் பாதையில் நெறிப்படுத்தல் செல்லுக்குள்ளேயே நடக்கிறது: எஃப்ஜிஎஃப் வந்ததும் ஸ்ப்ரௌட்டி, ஸ்ப்ரெட் மரபணுக்கள் இயங்கி அதே சமிக்ஞையை மட்டுப்படுத்துகின்றன. தவளையில் இவ்விரண்டும் ஒரே வேலை செய்வதில்லை. ஸ்ப்ரௌட்டி செல் நகர்வைக் குலைக்கிறது, நடு அடுக்கு உருவாவதைப் பெரிதும் தொடுவதில்லை. ஸ்ப்ரெட் நடு அடுக்கு உருவாவதையே தடுக்கிறது.

இவற்றில் ஒன்றை மட்டும் மார்ஃபோலினோவால் (குறிப்பிட்ட மரபணுவின் ஆர்என்ஏவோடு ஒட்டி அதன் புரதம் உருவாகாமல் செய்யும் செயற்கை மூலக்கூறு) முடக்கிவிட்டு, பெரிய மாற்றம் தெரியவில்லை, எனவே அந்த மரபணு தேவையற்றது என்று முடிவுகட்டுவது தவறு. செனோபஸ் டிராபிகாலிஸில் நாகின், கார்டின், ஃபாலிஸ்டாடின் மூன்றையும் சேர்த்து முடக்கியபோதுதான் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புத் தட்டு மறைந்தது. லேவிஸில் இன்னொரு சிக்கல்: அது நான்மடியம் (குரோமோசோம் தொகுதிகள் நான்கு கொண்டது), பல மரபணுக்களுக்கு எல், எஸ் என இரு வடிவங்கள் உண்டு. மார்ஃபோலினோ இரண்டுக்கும் பொருந்தாவிட்டால் மிஞ்சியது வேலையைச் செய்துவிடும்.

தமிழில் எழுதும்போது வளர்ச்சி ஊக்கி என்பதைத் தவிர்ப்பது நல்லது. பயிருக்குத் தெளிப்பதையும் தீவனத்தில் கலப்பதையும் அப்படிச் சொல்கிறோம். ஊக்கி என்றால் வினையூக்கியும் நினைவுக்கு வரும். வளர்ச்சி ஹார்மோன் தனிப்பொருள். வளர்ச்சிக் காரணியே சரி, வல்லினம் மிகும். கருவியல் கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் 'இங்கே இது செல்லின் வகையைத் தீர்மானிக்கும் சமிக்ஞைப் புரதம்' என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். 'கட்டுப்படுத்தும் மரபணு' ஒடுக்குவதை மட்டும் சுட்டுவதால் சோலாய்டுக்குப் பொருந்தாது. 'நெறிப்படுத்தும் மரபணு' ஒடுக்குதல், விடுவித்தல் இரண்டையும் தாங்கும். தடுப்பவற்றில் நாகின் போன்றவை செல்வெளித் தடுப்பான்கள், ஸ்ப்ரௌட்டி பின்னூட்டத் தடுப்பான். மரபணுவின் பெயர்களை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்ப்பதே முறை. ஆங்கிலத்தில் சாய்வெழுத்தால் மரபணுவையும் நேரெழுத்தால் புரதத்தையும் பிரித்துக் காட்டுவார்கள். தமிழில் அந்த வழக்கம் இல்லாததால் 'நாகின் மரபணு', 'நாகின் புரதம்' என்று விரித்தே எழுத வேண்டும்.