லேபிள் ஸ்விட்சிங்: துணுக்கா, சீட்டா?

கணினி வலையமைப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருவர், தன் ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தைப் பார்த்துத் தரச் சொன்னார். பொருள் ‘மல்டிப்ரோட்டோகால் லேபிள் ஸ்விட்சிங்’, சுருக்கமாக எம்.பி.எல்.எஸ். வலையமைப்பில் போகும் தரவுத் துண்டுகளின் மேல் லேபிள் ஒட்டி, அதைப் பார்த்தே வழியனுப்பும் முறை இது. லேபிளுக்கு ‘விவரத்துணுக்கு’ என்று எழுதியிருந்தார். மருந்துப் புட்டிக்கு அது சரி. இந்த லேபிளில் விவரமே கிடையாதே!

இருப்பது ஓர் எண்தான். மொத்தம் 32 பிட். அதில் 20 பிட் எண்ணுக்கு, 3 முன்னுரிமைக்கு, 1 ‘ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய லேபிள் அடுக்கில் இதுதான் கடைசி’ என்று சொல்ல, மீதி 8 இன்னும் எத்தனை தாவல் போகலாம் என்ற ஆயுளைக் கணக்கு வைக்க. எந்த ஊருக்குப் போகிறது, யார் அனுப்பியது என்றெல்லாம் லேபிள் சொல்லாது.

சரி, அந்த எண்ணுக்கு என்ன பொருள்? பக்கத்துப் பக்கத்துத் திசைவிகள் (தரவை வழியனுப்பும் ரூட்டர்கள்) இரண்டும் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட பொருள்தான். முதல் திசைவி சிப்பத்தின் (பாக்கெட், அதாவது தரவுத் துண்டு) மேல் 1024 என்று ஒட்டி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த திசைவி தன் அட்டவணையில் 1024-ஐப் பார்க்கிறது, அதை எடுத்துவிட்டு 57 போடுகிறது, மூன்றாவது வாசல் வழியே தள்ளிவிடுகிறது. உள்ளே இருக்கும் முகவரியை அது பிரித்துப் பார்ப்பதே இல்லை. பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய திசைவியே லேபிளைக் கழற்றிவிடும். கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் தரும் 57ஆம் எண் டோக்கன் மாதிரிதான் இந்த லேபிள் எண். அடுத்த கடையில் நீட்டினால் வேறு யாருடைய செருப்போ வரும்.

ஆகவே என் வாக்கு ‘சீட்டு’க்குத்தான். ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் இதற்குத் துணை நிற்கிறது. பழைய பிரெஞ்சில் அது நாடா, தொங்கும் துணித்துண்டு. ஆவணத்தில் முத்திரையைத் தொங்கவிடும் பட்டைக்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இருந்தது. 1996-இல் சிஸ்கோ இதே உத்தியை ‘டேக் ஸ்விட்சிங்’ என்றது. டேக் என்பதும் தொங்கும் துண்டுதான். ஐபிஎம், தோஷிபா, இப்சிலான் ஆகிய நிறுவனங்களும் ஆளுக்கொரு வழி வைத்திருந்தன. 1997-இல், இணைய நெறிமுறைகளுக்குத் தரம் வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு (ஐ.இ.டி.எஃப்.) இதற்கென ஒரு குழு அமைத்தது. 2001 ஜனவரியில் அதன் ஆவணமான ஆர்.எஃப்.சி. 3031 வெளிவந்தபோது ‘லேபிள்’ நிலைத்துவிட்டது.

‘பாக்கெட்’ கதை இன்னும் சுவையானது. 1960களின் நடுவில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ் அந்தப் பெயரைச் சூட்டினார். பிற மொழிகளுக்கும் எளிதாகப் போகுமா என்று ஒரு மொழியியலாளரிடம் கேட்டுவிட்டே சூட்டினாராம். நமக்கு வேலை மிச்சம்: பொட்டலம், பொதி, சிப்பம் என்று மூன்று இருக்கின்றன. பொட்டலம் என்றதும் சுண்டல் வாசனை வருகிறது, பொதி என்றால் மாடு வந்து நிற்கிறது. அரிசி மண்டியில் இன்றும் புழங்கும் சிப்பம் எனக்குப் போதும்.

‘ஸ்விட்சிங்’ தான் தொல்லை. இலங்கைப் பாடநூல்களில் மின் ஸ்விட்ச் ‘ஆளி’. இங்கே பலரும் எழுதுவது ‘நிலைமாற்றம்’. விளக்கு எரிந்து அணைவது நிலைமாற்றம். இங்கே எதுவும் எரியவுமில்லை, அணையவுமில்லை. வருவதை ஒரு வாய்க்காலிலிருந்து இன்னொரு வாய்க்காலுக்குத் திருப்புகிறார்கள். அதற்கு ‘மடைமாற்றம்’ என்று நம்மிடம் நல்ல சொல் உண்டு. ஆக, ‘பல்நெறிமுறைச் சீட்டு மடைமாற்றம்’. ஏட்டில் திரும்பத் திரும்ப வரும் ‘புஷ்’, ‘ஸ்வாப்’, ‘பாப்’ (லேபிளை ஒட்டுவது, மாற்றுவது, கழற்றுவது) என்ற மூன்று வினைகளுக்கு லாரி ஷெட்டில் கேட்கும் சொற்களே போதும்: ஏற்று, மாற்று, இறக்கு.

அப்புறம், இதை இன்னும் ஏன் ஆராய்கிறார்கள்? 1990களில் நீளமான முகவரியைத் தேடிப் பொருத்துவது மெதுவான வேலை, அதைத் தவிர்க்கத்தான் சீட்டு வந்தது. சில்லுகள் வேகமானதும் அந்தக் காரணம் போயிற்று. ஆனால் நெரிசல் இல்லாத பாதையில் திருப்பிவிடுவது, கண்ணாடி இழை அறுந்தால் 50 மில்லிவிநாடிக்குள் மாற்றுப்பாதைக்குத் தாவுவது போன்ற வேலைகளில் சீட்டு ஊன்றிவிட்டது. 2018-இல் ஆர்.எஃப்.சி. 8402 ஆக வந்த ‘செக்மென்ட் ரூட்டிங்’ முறையில், போகவேண்டிய வழி முழுவதையும் சீட்டுக் கத்தையாகப் புறப்படும்போதே ஏற்றிவிடலாம். அதில் எல்லாத் திசைவிகளும் ஒரே எண்வரிசையை ஒதுக்கிக்கொண்டால், ஒரு திசைவியைக் குறிக்கும் எண் வழி நெடுக மாறாமலே போகும். அப்போது சீட்டு முகவரி மாதிரி ஆகிவிடுகிறது, என் டோக்கன் உவமை அங்கே செல்லாது. ஆய்வாளரின் கடைசி இயல் அதைப் பற்றித்தான்.