ஆர்ஹூஸ் உடன்படிக்கை: ‘அணுகலா’, ‘பெறும் உரிமையா’?

ஆர்ஹூஸ் டென்மார்க்கின் துறைமுக நகரம். பழம்பெயர் ஆரோஸ், ஆற்றின் வாய், அதாவது முகத்துவாரம் என்று பொருள். எழுத்தைப் பார்த்து நாம் ‘ஆ’ என்கிறோம், டேனியர் வாயில் அது ‘ஓ’வுக்குப் பக்கத்தில் ஒலிக்கிறது. தமிழில் ‘ஆர்ஹூஸ்’ என்று எழுதினால் போதும். ஊர்க்காரர்களே 2011-இல்தான் பெயரின் எழுத்துக்கூட்டலைப் பழையபடி மாற்றிக்கொண்டார்கள்.

ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் ஏற்பாட்டில் 1998 ஜூன் 25 அன்று இந்த நகரில் கையெழுத்தாகி, 2001 அக்டோபர் 30 முதல் நடைமுறையில் உள்ள ஒப்பந்தத்துக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. சூழல் தொடர்பான தகவல், முடிவெடுப்பதில் பங்கு, நீதி ஆகிய மூன்றைப் பற்றியது அது. 1992 ரியோ புவி உச்சி மாநாட்டுப் பிரகடனத்தின் பத்தாம் கோட்பாடாக இருந்த வாக்குறுதி இங்கே சட்டக் கடமையானது.

இதைத் தமிழாக்குபவர்கள் ‘கன்வென்ஷன்’ என்றதும் ‘மாநாடு’ என்று எழுதிவிடுகிறார்கள். மாநாடு முடிந்தால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். இது நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஆவணம். மூலமான லத்தீன் சொல்லுக்கு ‘ஒன்றாக வருதல்’ என்று பொருள். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘சமவாயம்’ வேரிலும் அதே பொருள்தான். அழகான சொல். ஆனாலும் படித்தவுடன் புரிவது ‘உடன்படிக்கை’ என்பதால் என் கை அதற்கே போகிறது.

உண்மையான சிக்கல், ஆங்கிலத் தலைப்பில் தகவலோடும் நீதியோடும் சேர்ந்து வரும் ‘ஆக்சஸ்’. அகராதி ‘அணுகல்’ என்கிறது. ‘தகவலுக்கான அணுகல்’, ‘நீதிக்கான அணுகல்’ என்று மொழிபெயர்ப்புகள் நிரம்பிவிட்டன. ஆனால் அணுகுவது கிட்டப் போவது மட்டுமே. கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

உடன்படிக்கை என்ன சொல்கிறது? எரியுலை ஒன்றின் புகைபோக்கியில் என்ன வெளியேறுகிறது என்று ஒருவர் கேட்கிறார். ஏன் கேட்கிறீர்கள் என்று அலுவலகம் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்பவர் வேறு நாட்டுக் குடிமகன் என்பதும் தடையல்ல. ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். விவரம் மிகுதி, சிக்கல் என்றால் இரண்டு மாதம். வணிக இரகசியம் என்று சிலவற்றை மறுக்கலாம், ஆனால் சூழல் பாதுகாப்புக்கு வேண்டிய வெளியேற்ற விவரத்தை அந்தப் போர்வைக்குள் ஒளிக்க முடியாது. இத்தனையும் கொடுப்பவர் மீதான கடமை. ஆகவே ‘தகவல் பெறும் உரிமை’ என்பதே சரி.

‘நீதியை அணுகல்’ இன்னும் மோசம். நீதிமன்ற வாசல்வரை போய்வருவதும் அணுகல்தானே! ஒன்பதாம் பிரிவோ, கட்டுப்படியாகாத செலவு வைத்து மக்களைத் துரத்தக் கூடாது என்கிறது. தோற்றவர் எதிர்த்தரப்புச் செலவையும் சுமக்கும் வழக்கம் கொண்ட பிரிட்டன், இந்த விதியை நிறைவேற்றவில்லை என்று நாடுகள் உடன்படிக்கையைப் பின்பற்றுகின்றனவா என்று பார்க்கும் இணக்கக் குழு 2010-இல் முடிவு சொன்னது. ‘நீதி பெறும் உரிமை’ என்றால்தான் அந்த முடிவின் நியாயம் விளங்கும்.

‘பார்ட்டிசிபேஷன்’ பங்கேற்பு, பங்களிப்பு அல்ல. பங்களிப்பு நாம் கொடுப்பது, பங்கேற்பு நமக்குரிய இடத்தை எடுத்துக்கொள்வது. அதுவும் எல்லா வழிகளும் திறந்திருக்கும் தொடக்கத்திலேயே. திட்டம் முடிவான பிறகு நடப்பதற்குக் ‘கருத்துக் கேட்பு’ என்று பெயர் வைத்தாலும் அது பங்கேற்பு ஆகாது.

போகிற போக்கில் ஒன்று: ‘சுற்றுச்சூழல்’ என்பதில் சுற்றும் சூழும் ஒன்றே, ‘மீமிசை’ போல ஒருபொருட்பன்மொழி. தலைப்பு நீளும்போது ‘சூழல்’ போதும்.

‘பப்ளிக் கன்சர்ன்ட்’ என்பதைப் ‘பாதிக்கப்பட்ட மக்கள்’ என்று எழுதுவதுதான் எனக்கு ஒவ்வாதது. பாதிப்பு நேரும்வரை காத்திருக்கச் சொல்கிறது அந்தச் சொல். உடன்படிக்கையின் வரையறையில் பாதிக்கப்படக்கூடியவரும் அடக்கம், முடிவில் அக்கறை உள்ளவரும் அடக்கம். நாட்டுச் சட்ட நிபந்தனைகளை நிறைவேற்றும் சூழல் அமைப்புகளுக்கு அந்த அக்கறை இருப்பதாகவே கொள்ளப்படும். ‘தொடர்புடைய பொதுமக்கள்’ என்றால் இவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள்.