அடுத்த மேனேஜர் யார்? ஒரு வதந்திக்கு விலை உருவாகும் விதம்

2024 அக்டோபர் 28, திங்கள்கிழமை. தீபாவளிக்கு மூன்றே நாள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் போனஸ் பேச்சு ஓடிக்கொண்டிருந்த அன்று சாயங்காலம், இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் தன் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், எரிக் டென் ஹாகை நீக்கிவிட்ட செய்தி வந்தது. ஒன்பது ஆட்டத்தில் 11 புள்ளி, அட்டவணையில் 14-ஆம் இடம், முந்தைய நாள் வெஸ்ட் ஹாமிடம் 2-1 தோல்வி. ஆகவே செய்தியில் பெரிய அதிர்ச்சி இல்லை. ஆனால் அது பரவிய வேகத்திலேயே அடுத்தவர் யார் என்ற பட்டியலும் பரவியது. அமோரிம், சாவி, ஜிடான், சவுத்கேட் என்று பெயர்கள், பக்கத்திலேயே வாய்ப்புக் கணக்கு.

கோவையிலும் திருப்பூரிலும் வார இறுதி இரவுகளில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து பார்க்கிறவர்கள் ஏராளம். ஒரு மேனேஜர் வேலை போய்விட்டால் அந்த வாரம் முழுக்க பேக்கரி டீயோடு ஓடுவது ஒரே பேச்சுதான். "ஏனுங்ணா, அடுத்து யாருங்க வருவாங்க?" "இந்தாளுதான் தம்பி, அறுபது பர்சென்ட்டுன்னு போட்டிருக்கான் பாரு." அந்த அறுபது எங்கிருந்து வந்தது? கிளப் முதலாளியின் மனசைப் படித்தவர் யாரோ எழுதியது போலத் தோன்றும். உண்மையில் அந்த எண்ணுக்குள் முதலாளியின் மனசு கொஞ்சம்தான் இருக்கிறது. வெளியே நடக்கிற பேச்சுதான் நிறைய. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கால்பந்து பார்ப்பதே இன்னும் சுவையாகிவிடும்.

இந்தச் சதவீதங்கள் பெரும்பாலும் இங்கிலாந்துப் பந்தய நிறுவனங்கள் வைக்கிற ரேட்டிலிருந்து வருகின்றன. அங்கே அது உரிமம் வாங்கி நடத்தும் தொழில். நம் ஊரில் தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும் என்பேன். சூதாட்டத்தில் அழிந்த குடும்பங்களைப் பார்த்த யாரும் வேறு மாதிரி சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அந்த எண்கள் நம் போனுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. அவற்றைப் படிக்கும் முறை இதுதான்.

நான்கு பேர் போட்டியில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆளுக்கு ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஒரு பவுண்டு கட்டினால் ஒரு பவுண்டு லாபம். இரண்டாம் ஆளுக்கு இரண்டு பவுண்டு லாபம், மூன்றாம் ஆளுக்கு நான்கு, நான்காம் ஆளுக்கு ஒன்பது. கட்டிய பணத்தை, கட்டியதும் லாபமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். முதல் ஆளுக்கு இரண்டில் ஒன்று, 50 சதவீதம். அடுத்தவர்களுக்கு முறையே 33.3, 20, 10. இப்போது நான்கையும் கூட்டிப் பாருங்கள்: 113.3. வரப்போவது ஒரே ஆள், அப்படியென்றால் மொத்தம் 100-ஐத் தாண்டவே கூடாது. அந்த உபரி 13.3 நிறுவனத்தின் லாபத்துக்காக ஏற்றிவைத்தது. அதைக் கழித்துச் சரிசெய்தால் 50 என்று சொல்லப்பட்டவரின் வாய்ப்பு 44-க்கு இறங்கிவிடுகிறது. அதுவும் உபரி எல்லோர் மேலும் சமமாகப் பரவியிருந்தால்தான். சின்னப் பணம் போட்டுப் பெரிய பணம் எடுக்கும் ஆசையில், வர வாய்ப்பே இல்லாத பெயர்கள் மேலும் மக்கள் காசு கட்டுவார்கள். அதனால் பட்டியலின் வால் பகுதியில் இருக்கிற பெயர்களின் மேல் உபரி அதிகமாக ஏறியிருக்கும். ஜிடான் பெயர் பத்து சதவீதம் என்று வந்தால், நிஜத்தில் அதைவிடக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, முதல் ரேட்டை யார் வைக்கிறார்கள்? ஒரு ஆட்டத்தின் முடிவைக் கணிக்க ஆயிரக்கணக்கான பழைய ஆட்டங்களின் கணக்கு இருக்கிறது. அடுத்த மேனேஜர் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. நிறுவனத்தில் இருக்கிற ஊழியர் நாம் படிக்கிற அதே செய்திகளைப் படித்து ஒரு ரேட் போடுகிறார். அவருக்கும் நிச்சயமில்லை, அதனால் இந்த வகைப் பந்தயத்தில் பெரிய தொகையை ஏற்பதில்லை. புழங்கும் பணமே குறைவு. வம்பு ஆரம்பிப்பது இங்கேதான்.

ஈரோட்டு மஞ்சள் ஏலம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வரத்து குவிந்து, வாங்க நிறையப் பேர் வந்திருக்கிற நாளில் ஒரே ஒரு வியாபாரி விரலி மஞ்சளின் குவிண்டால் விலையைத் தூக்கிவிட முடியாது. வரத்து குறைந்து நாலைந்து பேர் மட்டும் விலை கேட்கிற நாளில் ஒருவர் கூட்டிக் கேட்டாலே விலை எகிறும். அதைக் கேள்விப்பட்டவர்கள் "என்னமோ விஷயம் இருக்குதுங்க" என்று இன்னும் கூட்டிக் கேட்பார்கள். மேனேஜர் பந்தயம் எப்போதுமே அந்த இரண்டாவது வகை நாள்தான். ஒரு பழைய ஆட்டக்காரரின் ரசிகர்கள் சிலர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கட்டினால் போதும், இருபது மடங்கு லாபம் என்றிருந்த ரேட் எட்டு மடங்காகச் சுருங்கிவிடும், அதாவது அவருடைய சதவீதம் ஏறிவிடும். "பந்தயச் சந்தையில் திடீர் திருப்பம்" என்று செய்தி வரும். செய்தியைப் படித்தவர்கள் பணம் கட்டுவார்கள், ரேட் இன்னும் சுருங்கும், அதுவே அடுத்த செய்தியாகும். உள்ளே இருந்து ஒரு தகவலும் கசியாமலே ஒருவர் முன்னணி வேட்பாளர் ஆகிவிட்டார்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல், நம்பப்படுவதாலேயே மெய்யாகிவிடுகிற கணிப்பு பற்றி எழுதினார். வங்கி திவாலாகப் போகிறது என்று எல்லோரும் நம்பிப் பணத்தை எடுத்தால், நல்ல வங்கியும் திவாலாகும். மேனேஜர் விஷயத்தில் இது பாதி தூரம்தான் போகிறது. நம்பிக்கை ரேட்டை மாற்றும். நியமனத்தை மாற்ற வேண்டிய கட்டாயம் கிளப்புக்கு இல்லை.

பெயர்கள் முளைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பயிற்சியாளரின் ஏஜென்ட் தன் ஆளின் பெயரைப் பத்திரிகைக்காரரிடம் மெதுவாகப் போட்டுவைப்பார். வேலை கிடைத்தால் லாபம். கிடைக்காவிட்டாலும், இப்போது இருக்கிற கிளப் பயந்துபோய்ச் சம்பளத்தைக் கூட்டி ஒப்பந்தத்தை நீட்டினால் அதுவும் லாபம். முதல் பத்திரிகையாளர் அந்தப் பெயரை எழுதுகிறார். இரண்டாமவருக்கு வேறு ஒரு பெயர் அரைகுறையாகக் கிடைத்திருக்கும். ஆனால் முதல் செய்தியைப் பார்த்ததும் தன் தகவல் மேல் சந்தேகம் வந்து அவரும் முதல் பெயரையே எழுதுவார். மூன்றாமவருக்கு முன்னால் இப்போது இரண்டு சாட்சிகள். 2019-இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி 1992-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த மந்தை நடத்தையைத்தான் கணிதமாக்கிக் காட்டியது. இதில் யாரும் முட்டாள் இல்லை. ஒவ்வொருவரும் நியாயமாகவே யோசிக்கிறார்கள், இருந்தும் ஒவ்வொருவர் கையிலும் இருந்த சொந்தத் தகவல் வெளியே வராமலே போய்விடுகிறது. பத்து செய்திகள் ஒரே பெயரைச் சொன்னால் பத்து ஆதாரம் என்று நமக்குத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் ஆதாரம் ஒன்றாக இருக்கலாம்.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? செலவில்லாத பேச்சுக்கும், சொல்கிறவருக்கு ஏதாவது விலை வைக்கிற பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அமோரிம் அப்போது போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் இருந்தார். அந்தக் கிளப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம், முக்கியமான விஷயம் எதையும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அக்டோபர் 29-ஆம் தேதி அது எழுத்துபூர்வமாக அறிவித்தது: மான்செஸ்டர் யுனைடெட் அமோரிமைக் கேட்டிருக்கிறது, அவரை விடுவிக்கும் தொகை ஒரு கோடி யூரோ. பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற இடத்தில் சொல்லப்பட்ட தகவல் அது. அந்த ஒரு தாள் வந்தபின் மற்ற எல்லாச் சதவீதங்களும் வெறும் காகிதம்தான். தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் 1 அன்று நியமனம் உறுதியானது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் நம் நாட்டிலேயே நடந்தது. 2025 ஜூலையில் இந்திய அணிக்குப் பயிற்சியாளர் தேடியபோது, பார்சிலோனாவின் முன்னாள் பயிற்சியாளர் சாவியே விண்ணப்பித்தார் என்ற செய்தி உலகம் முழுக்க ஓடியது. பிறகு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பே விளக்கம் கொடுத்தது: பெரிய பயிற்சியாளர்களான கார்டியோலா, சாவி பெயர்களில் வந்த மின்னஞ்சல் உண்மையானது இல்லை. மின்னஞ்சல் அனுப்ப ஒரு பைசா செலவில்லை. ஆகஸ்ட் 1 அன்று பொறுப்புக்கு வந்தவர் காலித் ஜமீல்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கிளப் ஒருவரை விரும்பினால் போதாது, அவரும் சம்மதிக்க வேண்டும். ஒரு கிளப் மூன்று பேரை வரிசையாக மனதில் வைத்திருக்கிறது, ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்ள சரிபாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், முதல் ஆள் வருவதற்கே 50 சதவீதம்தான். மூன்று பேருமே மறுத்துவிட எட்டில் ஒரு வாய்ப்பு. ஆக, கிளப் தலைவரின் ரகசிய டைரியே உங்கள் கையில் கிடைத்தாலும் கணிப்பு பாதிதான் பலிக்கும். இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப் 2021 ஏப்ரல் 19-இல் மொரின்யோவை நீக்கியது. கோன்டேயுடன் பேச்சு முறிந்தது. ஃபொன்சேகாவுடன் ஏறக்குறைய முடிந்தது என்றிருந்த பேச்சும் முறிந்தது. கட்டூசோ பெயர் வந்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள், அதுவும் போயிற்று. 72 நாள் கழித்து ஜூன் 30 அன்று நூனோ வந்தார். முதல் மூன்று லீக் ஆட்டத்தையும் 1-0 என்று ஜெயித்து ஆகஸ்ட் மாதத்தின் சிறந்த மேனேஜர் விருதும் வாங்கினார். நவம்பர் 1 அன்று அவரையும் நீக்கினார்கள். மறுநாள் வந்தவர், ஜூனில் கை நழுவிய அதே கோன்டே!

அந்த மூன்று 1-0 வெற்றிகள் இன்னொரு கேள்வியைக் கிளப்புகின்றன. மேனேஜரை நீக்கத் தூண்டுகிற தோல்விகளிலும், புதியவரைக் கொண்டாட வைக்கிற வெற்றிகளிலும் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு? கால்பந்தில் கோல் விழுவது குறைவு, ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணியும் சேர்ந்து ஏறக்குறைய 2.7. அரிதாக, சிதறி நடக்கும் நிகழ்வுகளுக்கு ப்வாசோன் பரவல் என்ற கணக்கு பொருந்தும். சமபலம் உள்ள இரண்டு அணிகளுக்கு அதைப் போட்டுப் பார்த்தால் வெற்றி 37, டிரா 26, தோல்வி 37 சதவீதம் என்று வருகிறது. ஜெயிக்காமல் போக 63 சதவீதம். தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஜெயிக்காமல் போக, 0.63-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும்: கிட்டத்தட்ட 10 சதவீதம். 20 அணிகள் தலைக்கு 38 ஆட்டம் ஆடுகிற லீக்கில், எந்தத் தப்பும் செய்யாத ஏதாவதொரு நடுத்தர அணிக்கு இப்படி ஒரு வறட்சி வந்தே தீரும். வாய்ப்பு எவ்வளவு மெல்லிய கோடு என்பது கோவைக்காரர்களுக்குத் தெரியும். 2018-19 ஐ-லீக்கில் நேரு ஸ்டேடியத்தைத் தன் மண்ணாக வைத்து ஆடிய சென்னை சிட்டி 43 புள்ளிகளோடு கோப்பையை வென்றது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் எடுத்தது 42. கடைசி நாளில் மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டு முன்னிலை எடுத்தது. பிறகுதான் சென்னை சிட்டி மூன்று கோல் திருப்பிப் போட்டது. அந்த ஆட்டம் டிராவில் முடிந்திருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

மோசமான ஓட்டத்தின் அடிமட்டத்தில்தான் மேனேஜரை நீக்குவார்கள். அடிமட்டத்திலிருந்து அணி தன் வழக்கமான தரத்துக்கு எப்படியும் கொஞ்சம் ஏறும். சராசரிக்குத் திரும்புதல் என்பது இதுதான்; 1886-இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்து இதைக் காட்டினார். அந்த ஏற்றத்தின் பெயர் புதிதாக வந்தவருக்குப் போய்விடுகிறது. டச்சுப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வேல் நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையான காலத்தை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்தார். மேனேஜரை நீக்கிய அணிகளை மட்டும் பார்த்தால் முன்னேற்றம் தெரிந்தது. அதே அளவு சரிந்தும் மேனேஜரை நீக்காத அணிகளைப் பக்கத்தில் வைத்தபோது, அவையும் அதே மாதிரி மீண்டிருந்தன. எனக்கு இந்த ஆய்வு மேல் தனி மரியாதை, ஏனென்றால் ஒப்பிட ஆள் வைக்காமல் பேசுகிற பழக்கத்தை அது ஒரே அடியில் உடைக்கிறது. எல்லா மேனேஜரும் ஒன்றுதான் என்று இதற்கு அர்த்தமில்லை. சராசரியாகப் பார்த்தால் ஆள் மாற்றத்தால் மட்டும் கிடைக்கிற பலன் நாம் நினைப்பதைவிடச் சிறியது, அவ்வளவுதான்.

2018 டிசம்பரில் மொரின்யோவை நீக்கிய மான்செஸ்டர் யுனைடெட், சொல்ஷையரைத் தற்காலிகமாக உட்கார வைத்தது. 19 ஆட்டத்தில் 14 வெற்றி. 2019 மார்ச் 28 அன்று வேலையை நிரந்தரமாக்கினார்கள். அதன்பின் அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த 10 ஆட்டத்தில் ஜெயித்தது இரண்டுதான்.

அடுத்த முறை ஒரு மேனேஜர் வேலை போனால், பெயர்ப் பட்டியலை ரசித்துப் படியுங்கள், விவாதியுங்கள். ஆனால் சதவீதங்களைக் கூட்டி 100-ஐ எவ்வளவு தாண்டுகிறது என்று ஒரு முறை பாருங்கள், செய்திகள் எல்லாம் ஒரே மூலத்தைச் சொல்கின்றனவா என்று பாருங்கள், கையெழுத்தோ பணமோ கைமாறியதற்கான தகவல் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள். புதியவர் வந்தபின் முதல் மூன்று, நான்கு ஆட்டத்தின் முடிவை வைத்து அவரை எடை போடாதீர்கள். அணி அடிக்கும் ஷாட்டுகள் எவ்வளவு அருகிலிருந்து, எந்தக் கோணத்திலிருந்து போகின்றன என்று கணக்கிட்டு, எத்தனை கோல் விழுந்திருக்க வேண்டும் என்று சொல்லும் எண்ணிக்கை இப்போது பெரிய லீக் ஆட்டங்களுக்குக் கிடைக்கிறது. பழையவரின் கடைசி பத்து ஆட்டத்துக்கும் புதியவரின் முதல் பத்து ஆட்டத்துக்கும் அந்த எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிரணிகளின் பலத்தையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.