ஈ.சி.என்.ஐ அணைத்துத் தொலைக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது நாலாவது. ஹட்டனில் ஒரு டியூஷன் சேர், ஒன்லைன் வகுப்பில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று பாவம் இரண்டு தடவை பெக்கேஜை உயர்த்திவிட்டார். போய்ப் பார்த்தால், பக்கத்து அறையில் உள்ள லினக்ஸ் கணினி நேற்றைய வகுப்பின் வீடியோவை ஏற்றிக்கொண்டிருக்கிறது, பிங் (ஒரு தகவல் போய்ப் பதில் வர எடுக்கும் நேரம்) ஒரு செக்கனைத் தாண்டி நிற்கிறது. போதாததற்கு, வேகம் கூடும் என்று யாரோ அதில் ஈ.சி.என்.ஐ, அதாவது வழியில் நெரிசல் என்று பொட்டலத்தை வீசாமலே தெரிவிக்கும் வசதியை, முழுதாக அணைத்தும் வைத்திருக்கிறார்கள்.

மலையில் கொழுந்து பறித்து அனுப்புகிறார்கள், வழியில் லொறி ஏற்றும் இடத்தில் மூட்டை குவிந்துவிட்டது என்று வையுங்கள். நாலு மூட்டையை ஓடையில் வீசிவிட்டு, கணக்குக் குறைவதைப் பார்த்து மலையில் உள்ளவர்களே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டால் எப்படி? ஈ.சி.என். இல்லாத இணைப்பில் தரவுப் பொட்டலங்களுக்கு நடப்பது அதுதான். இருந்தால், மூட்டையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி அனுப்புவார்கள், ஃபெக்டரி அதைப் பார்த்து மெதுவாக அனுப்பச் சொல்லி மலைக்குத் தகவல் கொடுக்கும். கொழுந்தும் வீணாகாது.

சரி, அணைத்தால் வேகம் கூடும் என்ற கதை எங்கிருந்து வந்தது? ஈ.சி.என். 2001 இல் ஆர்.எஃப்.சி. 3168 என்ற இணையத் தர ஆவணமாக வந்தபோது, அந்தப் புது பிட்டுகளைப் பார்த்த சில பயர்வோல்கள் இணைப்புக் கோரிக்கையையே தூக்கி எறிந்தன, சில தளங்கள் திறக்கவில்லை, அதனால் அணைத்துவிடச் சொன்னார்கள். அன்றைக்கு அது சரி. ஆனால் 2015 இலேயே ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 9 இல் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கிவிட்டது. லினக்ஸோ, ஈ.சி.என். கேட்டு அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வராவிட்டால் அது இல்லாமலே மறுபடி முயலும். இன்னும் அந்தப் பழைய அறிவுரையைப் பிடித்துக்கொண்டு எத்தனை கணினியைத்தான் கெடுப்பீர்கள்?

லினக்ஸ் கர்னலில் இதற்கான அமைப்பு net.ipv4.tcp_ecn, அதன் இயல்பான மதிப்பு 2. அதாவது மற்றவர் கேட்டால் சம்மதிக்கும், தானாகக் கேட்காது. இரண்டு பக்கமும் 2 என்றால், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று உட்கார்ந்திருக்கிற கதைதான். 1 என்றால் தானாகவும் கேட்கும், 0 என்றால் அணைந்தே இருக்கும். இயங்குதளமே 1 என்று போட்டுத் தந்தால் எனக்கு இந்த அலைச்சல் பாதி குறையும். அதுவரை நீங்களே 1 ஆக்குங்கள். 0 போடவே போடாதீர்கள்.

ஆனால் அதை மட்டும் மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே அண்ணே என்று எனக்கு அழைக்காதீர்கள். துணி கட்ட ஆள் வேண்டாமா? உங்கள் பக்கத்து ரவுட்டரில் எஃப்.கியூ. கோடெல் அல்லது கேக் என்ற வரிசை மேலாண்மை முறை இருக்கவேண்டும், ரவுட்டருக்கான திறந்த மென்பொருளான ஓபன்டபிள்யூ.ஆர்.டி.யில் இரண்டுமே கிடைக்கும். அதில் வேக எல்லையை உண்மையான அப்லோட் வேகத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். 4ஜி என்றால் பகலில் பார்த்த வேகத்தை நம்பவேண்டாம், ஊரே போனைத் திறக்கும் இரவு ஏழு எட்டு மணிக்கு அளந்து பாருங்கள். மலை மறைத்து சிக்னலே இல்லாத லயத்தில் ஈ.சி.என். எதையும் செய்யாது, அங்கே அண்டெனாவைத்தான் பார்க்கவேண்டும்.

அந்த சேருக்கு கேக்கைப் போட்டு, கணினியில் 1 வைத்தேன். பிங் இறங்கியதில் பெரிய பங்கு கேக்குக்குத்தான், அதை மறைக்கவில்லை. இப்போது வீடியோ ஏறும்போதே வகுப்பும் நடக்கிறது. உயர்த்திய பெக்கேஜை அடுத்த மாதமே பழையபடி குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.