பாய்ப்படகில் தீவுகளுக்கு: திகதியைக் காற்று தீர்மானிக்கட்டும்

மே மாதம் பிறந்தால் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வாட்ஸ்அப் செய்திகள் வரத் தொடங்கும். "அண்ணை, யூலை கடைசியில குடும்பத்தோட வாறம், பாய்ப்படகில தீவுகளைச் சுத்திப் பார்க்கவேணும், ரிக்கற் போட்டாச்சு, எந்த நாள் தோது?" பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் சிறு குழுக்களை யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குக் கூட்டிப்போவதும் என் தொழில், ஆகவே நேராகவே சொல்கிறேன்: யூலை கடைசியில் பெரும்பாலான நாட்கள் தோதில்லை. சில நாட்கள் கிடைக்கலாம், ஆனால் எது என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள்.

மே முதல் செப்ரெம்பர் வரை இங்கே சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. இதில் ஆபத்து என்னவென்றால், அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்தில் மழை குறைவு, வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், வெளிநாட்டில் வளர்ந்த கண்ணுக்கு அது "நல்ல காலநிலை". கடலில் இறங்கினால்தான் கதை வேறு. வளிமண்டலவியல் திணைக்களம் தினமும் வெளியிடும் கடல் அறிவிப்பை எடுத்துப் பாருங்கள், சோளகம் எழும்பிய நாட்களில் மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடலுக்கு மணித்தியாலத்துக்கு 50, 60 கிலோமீற்றர் காற்று என்று போட்டிருப்பார்கள். கடலோடிகள் வேகத்தை அளக்கும் கணக்கில் அது ஏறத்தாழ 30 நொட். குடும்பங்கள் ஏறும் சிறிய பாய்ப்படகுக்கு நான் வைத்திருக்கும் எல்லை 15 நொட். இரண்டு மடங்குதானே என்று நினைக்காதீர்கள், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் விசை நான்கு மடங்காகும். அதோடு எங்கள் தீவுகளுக்கு இடைப்பட்ட கடல் ஆழம் குறைந்தது, ஆழம் குறைந்த இடத்தில் அலை உயரமாக மட்டுமல்ல, நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும், ஒன்றிலிருந்து படகு நிமிர முன்னரே அடுத்தது அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், அடிக்கும்.

கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கரையில் நின்று கடலைப் பாருங்கள், வெள்ளை நுரைத் தலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் 10 நொட்டுக்குள். எங்கு பார்த்தாலும் அடிக்கடி தெரிந்தால் 11இலிருந்து 16 வரை. தலைகள் நிறைந்து, காற்று அவற்றிலிருந்து தூவானத்தையும் பிய்த்துக்கொண்டு போனால் அன்றைக்குப் பயணம் இல்லை, மறுபேச்சும் இல்லை.

அப்புறம் திசை. இதை யாருமே யோசிப்பதில்லை, நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். தீவுகளுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் துறையிலிருந்து பார்த்தால் நெடுந்தீவு தென்மேற்கில் இருக்கிறது. பாய்ப்படகு காற்றுக்கு நேர் எதிராகப் போகாது, ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறிக் குறுக்கே ஏறித்தான் போக வேண்டும், அதனால் தூரம் ஒன்றரை மடங்கு ஆகிவிடும், நேராக இரண்டு மணித்தியாலத்தில் முடிகிற ஓட்டம் மூன்றைத் தாண்டும். சோளகத்தில் கஷ்டம் போகும்போது வருகிறது, அது ஒருவகையில் நல்லது, ஏலாது என்று தெரிந்தால் திரும்பிவிடலாம், காற்றே கொண்டுவந்து துறையில் விடும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்றில் நிலைமை தலைகீழ். காற்று வடகிழக்கிலிருந்து முதுகில் தள்ள, போகும் வழி பட்டுப்போல இருக்கும், சிரித்துக்கொண்டே போய் இறங்கி, பெருக்கமரமும் கட்டைக்குதிரையும் பார்த்து, சாப்பிட்டு, பின்னேரம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டால் முழுத் தூரமும் காற்றை எதிர்த்து வர வேண்டும். தூவானத்தில் உடுப்பு நனைந்த பிள்ளைகள் வெடவெடவென்று நடுங்கும், ஒன்று சத்தியெடுத்தால் மற்றதும் எடுக்கும், ஆறு மணிக்குப் பிறகு வெளிச்சமும் இல்லை. அதனால் என் பயணங்களில் திரும்பும் வழியைத்தான் முதலில் கணக்குப் போடுவேன், போகும் வழி பிறகு.

அப்படியென்றால் எப்போதுதான் போவது? மார்ச்சும் ஏப்ரலும். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம், காலையில் கடல் அமைதி, மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழும்பும். ஏப்ரலில் பின்னேர இடிமழையும் உண்டு, திறந்த கடலில் மின்னலுக்கு உயரமாக நிற்பது உங்கள் பாய்மரம் ஒன்றுதான், ஆகவே விடியற்காலையில் வெளிக்கிட்டு மத்தியானத்துக்குள் கரை சேருங்கள். ஒக்ரோபரிலும் சில அமைதியான நாட்கள் வரும், ஆனால் அதிலிருந்து டிசெம்பர் வரை புயற்காலம். 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது இதே கடலின் மறுகரையில், 2008 நவெம்பரில் நிஷா, 2020 டிசெம்பரில் புரவி. அந்த மாதங்களில் நான் யாருக்கும் முன்பதிவு செய்வதில்லை. பர்மாவரை பாய்க்கப்பல் ஓட்டிய வல்வெட்டித்துறையாரும் காற்று மாறும்வரை காத்திருந்துதான் போனார்கள், அவர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது.

இன்னொன்று, வரைபடத்தில் தீவுகள் வட்டமாகத் தெரிவதால் சுற்றிவரலாம் என்று பலர் கோடு போட்டு அனுப்புகிறார்கள். பண்ணைப் பாலமும் பொன்னாலைப் பாலமும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடைப்பட்ட தாம்போதியும் (கடலுக்குக் குறுக்கே போட்ட சாலை) வழியை மறித்துக் கிடக்கின்றன, பாய்மரத்தோடு அவற்றின் கீழே போக முடியாது. ஆழம் குறைந்த பரவைக்கடலில் மீனவர்கள் நட்டுவைத்த களங்கட்டி வலைகளின் தடிகள் வரிசையாக நிற்கும், சுக்கான் அதில் கொழுவினால் படகுக்கும் சேதம், ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பும் போய்விடும், தள்ளியே போங்கள். கச்சதீவுப் பக்கம் அனுமதி இல்லாமல் போகவே கூடாது, இந்தியாவுடனான கடல் எல்லை அருகில். எங்கே போனாலும் புறப்படும் துறையில் உள்ள கடற்படையினரிடம் பெயர் விபரம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

லைஃப் ஜக்கெற்றைப் பற்றி ஒரே ஒரு சோதனை சொல்லித் தருகிறேன், தயவுசெய்து துறையிலேயே செய்துபாருங்கள். பிள்ளைக்குப் போட்டு எல்லாப் பட்டியையும் இறுக்கிவிட்டு, தோள் பக்கம் இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜக்கெற் காதுவரை ஏறி, முகம் உள்ளே புதைந்தால் அது அந்தப் பிள்ளைக்குரியது இல்லை. தண்ணீரில் விழுந்தாலும் அதுதான் நடக்கும்: ஜக்கெற் மிதக்கும், பிள்ளை அதிலிருந்து கீழே வழுக்கும். கால்களுக்கு இடையால் போகும் பட்டி உள்ளதாகப் பார்த்து எடுங்கள். பெரியவர்களும் போட வேண்டும், "எனக்கு நீச்சல் தெரியும்" என்பவர்களும்தான், பாயின் கீழ்க்கட்டை தலையில் அடித்து விழுந்தவருக்கு நீச்சல் உதவாது. கடலில் இருக்கும்வரை பியர் வேண்டாம், இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது, போத்தலைக் கண்டால் படகைத் திருப்பிவிடுவேன்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று, நான்கு லீற்றர். தொப்பி, நீளக் கைச்சட்டை. குமட்டல் உள்ளவர்கள் மருந்தை ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாக வேலை செய்யாது. நெடுந்தீவில் வைத்தியசாலை உண்டு, ஆனால் கடுமையான நோயாளியைக் கடல் கடந்துதான் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர வேண்டும், இருதய நோய் உள்ள அம்மா அப்பாவைக் கூட்டிவருகிறவர்கள் அதை யோசியுங்கள். கரையில் ஒருவரிடம் எத்தனை பேர், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் தேடச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். போனில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், படகில் விஎச்எஃப் வானொலிக் கருவி இருந்தால் ஆபத்துக்கு அலைவரிசை 16.

வேறு நாட்டுத் தீவுகளில் படகு வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கும் கணக்கு இதேதான். கரீபியனில் சூறாவளிக் காலம் யூன் 1 முதல் நவெம்பர் 30 வரை, அந்த நேரத்தில் வாடகை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். தாய்லாந்தின் புக்கெட் பக்கம் நவெம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. மாலைதீவில் டிசெம்பரிலிருந்து ஏப்ரல்.

யூலையில்தான் வர முடியும், பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அப்போதுதான் என்றால், அதுவும் எனக்கு விளங்குகிறது. யாழ்ப்பாணத்தில் நிற்கும் நாட்களில் மூன்றைக் கடலுக்கென்று ஒதுக்கி வையுங்கள், எந்த ஒன்று என்பதை முதல் நாள் பின்னேரம் முடிவெடுப்போம், மூன்றும் சரிவராவிட்டால் பயணிகள் படகில் நயினாதீவுக்குப் போய்வாருங்கள், கடக்கும் தூரம் குறைவு. படகுக்காரரிடம் காசு கொடுக்க முன்னர் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த மாதிரிக் காற்றில் நீங்கள் வரமாட்டன் என்று சொல்லுவியள், அப்போது காசைத் திருப்பித் தருவியளோ?" முதல் பாதிக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் வேறு படகு பாருங்கள்.